கூண்டுக்குள் ஓர் அகராதி

கறிக்கடைக் கூண்டில் இரண்டு கோழிகளும் ஒரு சேவலும் இருந்தன. கோழிகள் தாங்கள் பயப்படுகிற ஒவ்வொன்றுக்கும் வேடிக்கையாக ஒரு சொல் கண்டுபிடித்திருந்தன. கழுத்தைப் பிடிக்க உள்ளே நுழையும் கைக்கு ‘லபக்காண்டி’. எடை போடும் தராசுக்கு ‘ஜிங்குலா’. கடைக்காரர் கத்தி தீட்டினால் ‘சரக்குசரக்குப் பாட்டு’. சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.

அன்றுதான் வந்த சேவலுக்குச் சிரிப்பு வரவில்லை.

“அக்கா, அடுத்த தடவை கை வந்தா மூணு பேரும் சேர்ந்து கொத்துவோம். கதவு திறந்துதான் இருக்கும். ஓடிடலாம்.”

“அட, நல்ல யோசனை தம்பி!” என்றது வெள்ளைக் கோழி. “இதுக்கு ‘டமுக்கடி’ன்னு பேர் வைக்கலாமா?”

“சீ! ‘குபீர்க்கொத்து’ன்னு வை. அதுதான் எடுப்பா இருக்கு” என்றது கறுப்புக் கோழி.

“போடி, உனக்கு ரசனையே கிடையாது.”

கதவு திறந்தது. கை வந்தது.

சேவல் மட்டும் பாய்ந்து கொத்தியது. “அக்கா, கொத்துங்க!” என்று அலறியது. கையில் ரத்தம் வந்தது. ஆனாலும் கை சேவலின் கழுத்தைப் பிடித்த பிடியை விடவில்லை. சேவலை இழுத்துக்கொண்டு வெளியே போனது. கதவு சாத்தப்பட்டது.

கோழிகள் இரண்டும் கூண்டின் மூலையில் ஒண்டிக்கொண்டன.

கடைசியில் வெள்ளைக் கோழி மெல்லக் கேட்டது:

“ஒரு அலறல் அலறினானே, அதுக்கு என்னடி பேர் வைக்கலாம்?”