விசில்காரர்

ஆய்வுக்கூடத்து ஜன்னல் வழியே விழும் வெயிலில் தூசி மிதக்கிறது. கல்குவாரியில் வெடி வைக்கும் முன் விசில் ஊதி ஆட்களை விலக்கியவர், மூச்சளக்கும் கருவியின் அட்டைக்குழலைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். திரையில் ஒரு சிவப்புக் கோடு. அதைத் தாண்டி ஊதினால்தான், கல்தூசி படிந்த நுரையீரலுக்கு இந்த ஆய்வுக்கூடத்தார் கண்டுபிடித்த புது மருந்தை அவருக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். இரண்டு முறை ஊதியும் எட்டவில்லை. "கடைசித் தடவை ஐயா, உள்ள இருக்கிற மொத்தத்தையும் விட்டுடுங்க" என்கிறாள் ஆராய்ச்சி மாணவி. "இவரு ஊதினா மலைக்கு அந்தப் பக்கம் மேயுற ஆடு திரும்பிப் பார்க்கும்மா" என்கிறாள் பக்கத்தில் நிற்கும் அவர் மனைவி. "யோவ், நான் கூடையோட பாறைக்கடியில நின்னப்போ ஊதினியே, அப்படி ஊது." "அன்னிக்கு மெதுவா ஊதியிருந்தா இன்னிக்கு நிம்மதியா இருந்திருப்பேன்." மூவரும் சிரிக்கிறார்கள், அவர் சிரிப்பு மட்டும் இருமலாகி அடங்குகிறது. குவாரியில் கல் சுமந்த நாட்களில் அந்த விசில் கேட்டால் கூடையைப் போட்டுவிட்டு ஓடுவாள் அவள். பக்கத்திலேயே ஒதுங்கிக்கொள்ள எத்தனையோ பாறைகள் இருக்க, அவர் இருக்கும் பாறைக்குப் பின்னால்தான் வந்து குந்துவாள். இப்போது அவர் கன்னம் உப்ப, கண்ணை மூடி ஊதுகிறார். அவள் தன்னையறியாமல் சுவரோரம் குந்தி, தலையைக் குனிந்து, காதுகளைப் பொத்திக்கொள்கிறாள். திரையில் அவர் மூச்சைக் காட்டும் பச்சைக் கோடு ஏறுகிறது, தள்ளாடுகிறது, சிவப்புக்குக் கீழேயே படுத்துவிடுகிறது. மாணவி குழலை வாங்கிக்கொள்கிறாள். மனைவி இன்னும் காதிலிருந்து கையை எடுக்கவில்லை.