இன்னும் ஒரு கை

அகப்பை கணேசபாண்டியனின் மூக்குக்கு நேரே வந்து நின்றது.

"உப்பு பாருங்க அண்ணாச்சி" என்றார் நஜிமுதீன்.

தாராவியின் அந்தச் சந்து முழுக்க நோன்புக் கஞ்சியின் ஆவி. நஜிமுதீனின் தோல்பைப் பட்டறை வாசலில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. கிண்டுகிறவர், பேரீச்சம்பழம் எடுத்து வைக்கிறவர், சும்மா நின்று வேடிக்கை பார்க்கிறவர், எல்லோருமே நோன்பு. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்க ஆள் வேண்டுமே! அதற்குத்தான் எதிர் வரிசை ஜிப்புக் கடை கணேசபாண்டியன்.

தலை நரைப்பதற்கு முன்பிருந்தே ரம்ஜானுக்கு ரம்ஜான் அவர்தான். சாப்பாட்டுப் பிரியர், பொல்லாத நாக்கு. அவர் சொன்னால் சொன்னதுதான், சந்தில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அந்த நாக்கு இப்போது வாய்க்குள் பயந்து கிடந்தது.

பக்கத்தில் பேராச்சி இருந்தாலாவது தேவலை. அவர் மனைவி இந்த மாதம் பூராவும் சரியாக இந்த நேரத்துக்குத்தான் பால் வாங்கக் கிளம்பிவிடுகிறாள்.

ஆவி முகத்தில் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

மதுரை வந்தது.

நேற்று இந்த நேரம் அங்கேதான் இருந்தார். ஒரு வருஷமாகவே வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. பம்பாய்த் தண்ணீர் கெட்டுவிட்டது, ரேஷன் பருப்பு கெட்டுவிட்டது, பேராச்சியின் கைப்பக்குவம் கெட்டுவிட்டது. கிங்ஸ் சர்க்கிளில் ஞாயிறு தவறாமல் தின்ற ரவா தோசையும் கெட்டுவிட்டது. மதுரையில் போய் ரெண்டு நாள் தின்றால்தான் ஆச்சு என்று ஒரே பிடிவாதம். தொல்லை தாங்காமல் முலுண்டில் இருக்கும் மகள் ஷாலினி சனி ஞாயிறுக்கு விமான டிக்கெட்டே போட்டுக் கொடுத்துவிட்டாள்.

காலையில் இட்லியும் நாலு வகைச் சட்னியும். மத்தியானம் கறிதோசை, அயிரைமீன் குழம்பு. வெயில் தாழ்ந்ததும் மாசி வீதியில் பருத்திப்பால். மகாலின் பெரிய தூண்களைச் சுற்றி வந்து, மல்லிகைப்பூ வாசத்துக்குள்ளேயே நடந்து போய் ஒரு ஜிகர்தண்டா.

எல்லாம் சூடாக இருந்தது, அல்லது குளிர்ச்சியாக இருந்தது. அவ்வளவுதான்.

சாப்பிடும்போது பேராச்சி பேசவே மாட்டாள். மதுரையில் என்ன வந்ததோ, வாயை மூடவில்லை. ஒரு வாய் வைப்பாள், மேலுதட்டை நாக்கால் ஒரு தடவு தடவுவாள், உடனே ஆரம்பித்துவிடுவாள்.

"இந்தப் பருத்திப்பால்ல மொதல்ல கருப்பட்டி வருது. பொறவு சுக்கு. கடைசியா தேங்காப்பாலு லேசா வந்துட்டுப் போவுது. பாத்தியளா?"

"ஏட்டி, சும்மா தின்னு" என்று எரிந்து விழுந்தார்.

ஆனாலும் அவள் சொல்லச் சொல்ல, கருப்பட்டி நிஜமாகவே தொண்டையில் இறங்குவதுபோல் ஒரு மயக்கம். சாயங்கால வெளிச்சத்தில் கோபுரத்துப் பொம்மைகள் எல்லாம் அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தன.

தெப்பக்குளத்துப் படியில் மாங்காய்க் கீற்று வாங்கினார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, காகிதத்தில் இருந்த உப்பை மட்டும் தொட்டு நாக்கில் வைத்தார்.

மணல்.

கெட்டுப்போனது பம்பாயும் இல்லை, மதுரையும் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

எனக்கு நாக்குப் போயிட்டு பாய், வேற ஆளப் பாருங்க. விமானம் இறங்கும்வரை இதைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால் நாளை முதல் இந்தச் சந்தில் அவர் வெறும் ஜிப்பு விற்கிறவர்.

கண்ணைத் திறந்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அகப்பையை வாங்கி உறிஞ்சினார். சுட்டது, அவ்வளவுதான். சொல்ல வந்ததும் கஞ்சியோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது.

"இன்னும் ஒரு கை" என்றார். இந்த நோன்பு ஆரம்பித்த நாளிலிருந்து, மதுரை போன ரெண்டு நாள் தவிர, தினமும் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நஜிமுதீன் தகர டப்பாவுக்குள் கைவிட்டு அள்ளி, அண்டாவுக்கு மேலே கொண்டுபோனார்.

விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத இத்தனை பேர் வாயில் உப்பைக் கொண்டுபோய்க் கொட்டுகிறோமே! கணேசபாண்டியன் பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தார்.

பிடி தளர்ந்து கொஞ்சம் அவர் உள்ளங்கையில் சிந்தியது. பழக்கதோஷம், வாயில் போட்டுக்கொண்டார்.

ருசி ஒன்றும் தெரியவில்லை. கரையவும் இல்லை. கடித்தார். கடைவாயில் நறுக்கென்றது.

நொய்யரிசி.

நஜிமுதீன் அவர் முகத்தைப் பார்க்காமல் குனிந்து, நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பைத் திருகித் திருகிச் சரிசெய்தார். பேரீச்சம்பழக்காரர் எண்ணி வைத்ததையே மறுபடி எண்ண ஆரம்பித்தார்.

பட்டறைக் கதவோரம் பேராச்சி நின்றிருந்தாள். கையில் பால் இல்லை. ஒரு சின்ன டம்ளர், அதில் கஞ்சி ஆவி பறந்துகொண்டிருந்தது. மேலுதட்டை நாக்கால் ஒரு தடவு தடவியவள், அவர் பார்ப்பதைக் கண்டதும் முந்தானையால் வாயை அவசரமாகத் துடைத்துக்கொண்டாள்.

"போதுமா அண்ணாச்சி?" நஜிமுதீனின் குரல் அடுப்புப் பக்கமிருந்து வந்தது.

கணேசபாண்டியன் பேராச்சியைப் பார்த்தார்.

அவள் லேசாகத் தலையசைத்தாள்.

"போதும்" என்றார் அவர். "உப்பு கணக்கா இருக்கு."