சத்தில்லாத பிள்ளை

நர்ஸ் பேனாவை நீட்டினாள். பெரியவர் வாங்கவில்லை.

தாளில் விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு.

'மயக்க மருந்தால் குடும்பத்தில் யாருக்காவது பாதிப்பு உண்டா?'

பதில் ஏற்கெனவே இருந்தது. 'இல்லை' என்ற வரிசையில், மேலிருந்து கீழ்வரை, ஒரே இழுப்பில் ஒரு கோடு. பதினான்கு கேள்விக்கும் அதுதான் பதில்.

"யாரைக் கேட்டும்மா இழுத்த?"

"எல்லாருக்கும் அப்படித்தான் தாத்தா. நீங்க சாட்சிக் கையெழுத்துதானே."

"எல்லாரும் ஒரே வயித்துலயா பொறந்தோம்?"

மகள் வளர்மதி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் மடியில் ஐந்து வயது மகன், பச்சை அங்கியில், குடலிறக்க ஆபரேஷனுக்குக் காத்திருந்தான்.

அவர் போட்ட சத்தத்தில் மயக்க டாக்டரே வெளியே வந்துவிட்டார். சின்ன வயசுப் பெண்.

பெரியவர் டாக்டரிடம் கொட்டித் தீர்த்தார். இதோ இருக்கிறாளே, இவளுக்கு ஏழு வயதில் குடல்வால் ஆபரேஷன். அரை மணியில் முடிந்தது. மூச்சு மட்டும் திரும்பவில்லை. நாலு மணி நேரம், ஆள் மாற்றி ஆள் ரப்பர் பையை அமுக்கி மூச்சு கொடுத்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, பிள்ளைக்குச் சத்தில்லை என்றார்கள்.

"எங்க வீட்டுச் சோத்து மேல பழியைப் போட்டுட்டுப் போயிட்டானுங்க!"

டாக்டர் தாளை வாங்கி இரண்டாகக் கிழித்தார்.

"சத்துக்குறைவு இல்லைங்க பெரியவரே. உடம்பு அசையாம இருக்க ஒரு ஊசி போடுவோம். சில குடும்பத்துல அதோட வேகம் லேசுல இறங்காது. மயக்கம் தெளிஞ்சாலும் உடம்பு அசையாது, மூச்சு வராது. நல்லவேளை சொன்னீங்க. பையனுக்கு வேற மருந்து போடுறேன்."

புதுத் தாள் வந்தது. நர்ஸ் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

பையனை உள்ளே கொண்டுபோனார்கள்.

அவருக்கு ஆறவில்லை.

"இருபத்தாறு வருஷம்! ஒரு பய சொல்லலையே!"

டாக்டரிடம் அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.

அன்று, அசையாமல் கிடந்த பிள்ளையின் கட்டிலருகே நின்று மனைவியை ஓங்கி அறைந்தது. "பிள்ளைக்குச் சோறு போட்டியா, மண்ணைப் போட்டியாடி?" என்று கேட்டது.

அவள் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். கடைசிவரை அதற்குப் பதில் சொல்லவில்லை.

வளர்மதி மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்குக் கண்ணைத்தான் திறக்க முடியலைப்பா. காது கேட்டுச்சு."