மிஞ்சிய ரொட்டி

“இன்னிக்காவது வாயைத் திறப்பியா, இல்ல வழக்கம்போல ரொட்டியைக் குடுத்துட்டு முழிச்சிக்கிட்டு நிப்பியா?” என்று கேட்டாள் சீஸ் கடை டோரீன்.

“மெதுவாப் பேசுடி! அவர் காதுல விழுந்து தொலைக்கப் போகுது,” என்றாள் வெர்னா.

அமெரிக்காவின் வெர்மான்ட்டில் அந்த ஊரின் குளிர்காலச் சந்தை, பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்துக்குள் நடக்கும். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே வெர்னாவின் ரொட்டி மேசை. எதிரே ஆல்டனின் கேரட்டும் பீட்ரூட்டும். வெளியே முழங்கால் அளவு பனி.

மணி ஒன்று அடித்தால் சந்தை முடிந்தது. மிஞ்சியதை யாரும் வீட்டுக்குச் சுமப்பதில்லை. கடைக்காரர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள். ஒன்பது குளிர்காலமாக ஆல்டன் ஒரு பை கேரட்டோடு வெர்னாவிடம் வருவார், ஒரு கோதுமை ரொட்டியோடு போவார். அவர் மனைவியை இழந்தவர், இவள் கணவனை இழந்தவள். இவளுக்கு அவர்மேல் ஆசை வந்து எத்தனையோ வருஷமாயிற்று. அவர் மனசில் என்ன இருக்கிறது என்றுதான் தெரிந்தபாடில்லை.

இன்றோடு ஆல்டன் கடையைக் கட்டுகிறார். பண்ணையை விற்றாயிற்று. மாலை விமானத்தில் அரிசோனாவுக்கு, மகன் வீட்டோடு போய்விடப் போகிறார். ‘போகாதீங்க, என்கூடவே இருந்துடுங்க’ என்று சொல்ல வாரம் முழுக்க மாவு பிசையும்போதெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள் வெர்னா. ஆனால் முதல் வார்த்தை அவரிடமிருந்து வரட்டும். நம்மைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை பேசினால் போதும்.

ஆல்டன் வந்தார். கையில் கேரட் பை.

“என்ன வெர்னா, ரொட்டி மிச்சம் இருக்கா?”

அட கடவுளே, கடைசி நாளிலும் ரொட்டிதானா! வெர்னாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

“இருக்கு, இருக்கு. போன வாரத்து ரொட்டி எப்படி இருந்துச்சு?”

“ஒரு துணுக்குகூட மிஞ்சல.”

“அவ்ளோதானா?”

ஆல்டன் தொப்பியைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டார். “அங்க போனா உங்க ரொட்டி கிடைக்காதே, அதான் கவலையா இருக்கு.”

“எந்த ஊர்ல ரொட்டி கிடைக்கல? கடைக்குக் கடை அடுக்கி வெச்சிருக்கான்!”

வெடுக்கென்று சொல்லிவிட்டாள். ஆல்டன் தலையை ஆட்டிவிட்டு, ரொட்டியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார். வாசலில் அவர் மருமகனின் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

“பாவி, சொல்லவே இல்லையா?” என்று ஓடி வந்தாள் டோரீன்.

“வயித்துக்காக வந்த மனுஷன்கிட்ட மனசைச் சொல்லி என்ன ஆகப்போகுது?” என்றாள் வெர்னா. கண் கலங்கிவிட்டது.

அப்பாவைக் காரில் ஏற்றிவிட்டு வந்து எதிர் மேசையை மடித்துக்கொண்டிருந்தாள் ஆல்டனின் மகள் கிரெச்சன். பார்க்கப் பார்க்க வெர்னாவுக்கு மனசு கேட்கவில்லை. ஊரை விட்டே போகிற மனுஷனிடம் இப்படியா எரிந்து விழுவது? மிச்சமிருந்த இரண்டு ரொட்டிகளையும் காகிதத்தில் சுற்றி எடுத்துப்போனாள்.

“கிரெச்சன், இதை அப்பாவுக்குப் பார்சல் அனுப்பிடும்மா. ஆசையாச் சாப்பிடுவாரு.”

“அப்பாவா? ஐயோ ஆன்ட்டி, கோதுமை அவர் உடம்புக்கு ஆகவே ஆகாது! டாக்டர் நிறுத்தச் சொல்லிப் பன்னெண்டு வருஷமாச்சு. நீங்க குடுத்ததையெல்லாம் எங்க கோழிங்கதான் தின்னுச்சு. ‘திங்க முடியாததை எதுக்குப்பா வாராவாரம் வாங்கிட்டு வர்றீங்க?’ன்னு கேட்டா தொப்பியை மாட்டிக்கிட்டு வெளிய போயிடுவாரு. நேத்து அந்தக் கோழிங்களையும் வித்தாச்சு. இன்னிக்கு வாங்கின ரொட்டியை, குடுங்கன்னு கேட்டும் குடுக்காம, மடியில வெச்சுக்கிட்டே கார்ல உக்காந்து போறாரு.”