இரண்டு இருமல்

துன்ஜாய் தெருமுனையில் நின்று நெஞ்சு வலிக்க இருமிக்கொண்டிருந்தான். கையிலிருந்த பூங்கொத்தும் சாக்லேட் பெட்டியும் குலுங்கின.

"டேய், நிறுத்துடா! சீக்காளின்னு நெனச்சுக் கதவையே தெறக்க மாட்டாங்க" என்று அதட்டினார் ரூஷன் சித்தப்பா. இவனுக்குப் பெண் கேட்பதற்காக கிழக்கே வெண்ணெய்க்குப் பேர்போன எர்சுரூமிலிருந்து விடிய விடிய பஸ்ஸில் வந்த எரிச்சல் அவருக்கு.

"பழகிப் பாக்குறேன் சித்தப்பா. அந்த வீட்ல இருமத் தெரியாதவனுக்குப் பொண்ணு கெடையாது."

பொய்யில்லை. ஆலிவ் ஊரான இந்த அய்வாலிக்கில் பெண்ணின் அப்பா ஷாகிரின் நாக்குதான் தராசு. எந்த ஆலிவ் எண்ணெய் முதல் தரம், எது வெறும் வதக்கலுக்கு, எது விளக்கெரிக்கத்தான் லாயக்கு என்று கூட்டுறவுச் சங்கத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். பச்சைக் காயில் பிழிந்த எண்ணெய் தொண்டையில் காரமாக இறங்கும். ஒரு இருமல் வந்தால் நல்ல சரக்கு, இரண்டு வந்தால் உயர்ந்த சரக்கு. அவர் வீட்டு எண்ணெயைக் குடித்துவிட்டு இருமாமல் எழுந்தவர் ஊரில் கிடையாது.

போன வருஷம் துன்ஜாய் வந்தபோது, "வெண்ணெய் தின்னு வளர்ந்தவனுக்கு என் பொண்ணா?" என்று வாசலோடு அனுப்பிவிட்டார். இன்றைக்கும் முடியாது என்றால் அவ்வளவுதான், அடுத்த வாரமே அவர் மகள் நிலூஃபருக்கும் இஸ்மிரில் இருக்கும் அவள் அத்தை மகனுக்கும் மோதிரம் மாற்றிவிடுவார்கள்.

கதவைத் திறந்த நிலூஃபரின் கண்கள் அழுது வீங்கியிருந்தன. சித்தப்பா குனிந்து ஷூவைக் கழற்றுவதற்குள் துன்ஜாயின் காதில் கிசுகிசுத்தாள்.

"அப்பா ஒரு மாசமா ஆளே சரியில்ல. சங்கத்துப் பக்கமே போறதில்ல. நேத்து பக்கத்து வீட்டுக்காரர் எண்ணெயக் குடிச்சிட்டு அழகா ரெண்டு தடவ இருமினாரு. அவரையே வெளிய போய்யான்னுட்டாரு. நீ எதுக்கும் மூணு தடவ இருமிடு."

உள்ளே போய் உட்கார்ந்ததும் நிலூஃபர், பெண் கேட்டு வரும் மாப்பிள்ளையின் பொறுமையைச் சோதிக்கும் வழக்கப்படி, உப்பை அள்ளிப் போட்ட காப்பியைக் கொண்டுவந்தாள். துன்ஜாய் முகம் சுளிக்காமல் குடித்தான். சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "இறைவன் கட்டளைப்படி..." என்று முறைப்படி பெண் கேட்க ஆரம்பித்தார்.

ஷாகிர் கையை உயர்த்தினார். "அது அப்புறம்."

நிறத்தைப் பார்த்து யாரும் ஏமாறக் கூடாதென்று எண்ணெயை நீலக் கண்ணாடிக் கோப்பைகளில் ஊற்றினார். "எங்க ஊர்க் காய். அக்டோபர்லயே பச்சையா, கையால பறிச்சது. பழைய ஆலைய மூடிட்டானுங்க, அதனால புது ஆலையில பிழிஞ்சது. கடையில விக்கிற கலப்பு எண்ணெய்னு நெனச்சுக் குடிக்காத, புரியுதா?"

அவர் மனைவி முசெய்யன் கோப்பையில் வாய் வைத்ததும் வைக்காததுமாக இருமினாள். சித்தப்பா ஒருபடி மேலே போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு முதுகைத் தட்டச் சொன்னார். இருவரையும் மாறி மாறிப் பார்த்த ஷாகிரின் முகம் இருண்டது.

துன்ஜாய் கோப்பையை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, காற்றோடு சேர்த்து உறிஞ்சினான். எண்ணெய் பால் மாதிரி சாதுவாக இறங்கிப் போனது. காரமும் இல்லை, கசப்பும் இல்லை.

இருமப் பார்த்தான். தெருமுனையில் அத்தனை ஜோராக வந்த இருமல் இப்போது எங்கே போய்த் தொலைந்ததோ, ஒரு ஏப்பம்தான் வந்தது. சமையலறை வாசலில் நிலூஃபர் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, 'இருமு, இருமு' என்று வாயசைத்தாள்.

"எரிஞ்சுதா?" என்றார் ஷாகிர்.

"இன்னும் கொஞ்சம் குடுங்க ஐயா."

இரண்டாவது கோப்பையும் அப்படியே இறங்கியது. அத்தை மகனின் விரலில் மோதிரம் ஏறுவது துன்ஜாயின் கண் முன்னால் தெரிந்தது. இவள் இல்லாமல் எந்த ஊரில், எந்த முகத்தோடு வாழ்வது?

ஷாகிர் எழுந்து அவன் முன்னால் வந்து நின்றார். "என் கண்ணப் பாத்துச் சொல்லு. எரிஞ்சுதா, இல்லையா?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தான். அழுகைதான் வந்தது.

"எரியல ஐயா! என்னக் கொன்னு போட்டாலும் எரியல. எண்ணெய் மேல குத்தமே இல்ல, குத்தம் என் தொண்டை மேலதான். வெண்ணெயாத் தின்னு மரத்துப் போச்சு. அதுக்காகப் பொண்ணு இல்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"கெடுத்தியேடா!" என்று சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். முசெய்யன் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நிலூஃபர் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

ஷாகிரின் இரண்டு கைகளும் அவன் தோளைப் பிடித்தன. அறை விழப்போகிறது என்று துன்ஜாய் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அறை விழவில்லை.

"எல்லாரும் இருமுறாங்களே... என் நாக்குதான் செத்துப்போச்சுன்னு ஒரு மாசமா ராத்திரி தூங்காமக் கெடந்தேன்டா." ஷாகிரின் குரல் உடைந்தது. "எனக்கும் எரியல, மாப்ள!"