பலகையில் இல்லாத பெயர்

மாவட்டக் காவல் அலுவலக வாசலில், அன்றன்று கைதானவர்களின் பெயரை எழுதிவைக்கும் கரும்பலகை ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். சிட்டம்மாள் பத்தொன்பது நாளாக வந்து பார்க்கிறாள். படிக்கத் தெரியாதவள். மகனின் வாக்காளர் அட்டையை வைத்துக்கொண்டு, மாயழகன் என்ற அந்த எழுத்துகளின் சாயலை மட்டும் கண்ணில் ஏற்றிக்கொண்டிருந்தாள். டீக்கடையில் நின்றவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதை ஊரே பார்த்தது. அப்படி யாரையும் பிடிக்கவே இல்லை என்கிறது ஸ்டேஷன்.

ஏட்டு பழைய பெயர்களை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, புதிதாக ஏழு பெயர்களை எழுதினார். சிட்டம்மாள் அட்டையை உயர்த்திப் பிடித்து வரிவரியாக ஒத்துப் பார்த்தாள். எதுவும் பொருந்தவில்லை. பக்கத்தில் நின்ற ஒருத்தி நாலாவது வரியைப் பார்த்ததும், “ஐயோ, எம்புள்ள பேரு!” என்று தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சிட்டம்மாள் குனிந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அழாத தாயி. ஒம்மவன் இவங்ககிட்டதான் இருக்கான்னு எழுதிப் போட்டுட்டாங்க. நீ குடுத்து வச்சவ.”

பிறகு ஏட்டின் முன்னால் போய் அட்டையை நீட்டினாள். “இவன் பேரையும் எழுதிருங்கய்யா. களவாண்டான்னு எழுதுங்க, கொல பண்ணுனான்னுகூட எழுதுங்க. ஏன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டேன்.”

பலகையின் அடியில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்தது. ஏட்டு, சாக்பீஸ் பிடித்திருந்த கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.