சாப்பிட்டார்

சாப்பிடாத மனிதரைச் சாப்பிட்டார் என்று எழுதுவதற்கா இவ்வளவு படித்தேன்?

எழில்மதி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய உணவு அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். காலைக் கஞ்சிக்கான கட்டம் காலியாக இருந்தது. அதை நிரப்புவது அவள் வேலை.

சுரங்கக் கம்பெனி ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனாகச் சேர்ந்து இன்னும் அடையாள அட்டைகூட வரவில்லை. கான்ட்ராக்ட் வேலை. வெள்ளைக் கோட்டு மட்டும் சொந்தம். மந்தாரக்குப்பத்தில் தைத்தது, தோள் கொஞ்சம் பெரிது.

சிங்காரவேல் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். தூங்கவில்லை என்பது இமையைப் பார்த்தாலே தெரிந்தது. இரைப்பையில் கட்டி; பாதியை வெட்டி எடுத்தாகிவிட்டது. உடம்பு தேறினால் மருந்து ஏற்றலாம், ஏற்றினால் பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுரங்கத்தில் நிலக்கரி பெல்ட் ஓடும் இடத்தில் வேலை செய்து உரமேறிய தோள், போர்வைக்கு அடியில் வெறும் எலும்பாகத் துருத்திக்கொண்டிருந்தது.

இந்த வார்டு உனக்கு வேண்டாம், வேறு யாரையாவது பார்க்கச் சொல்கிறேன் என்று சந்திரா சிஸ்டர் அவள் சேர்ந்த அன்றே சொன்னார். எழில்மதிதான் கேட்கவில்லை.

அவருக்காகக் கஞ்சியை மாற்றி மாற்றிச் செய்யச் சொன்னாள். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, முந்திரி அரைத்து விட்டு, பாலும் வெல்லமும் சேர்த்து. சீரக வாசனை அவருக்கு ஆகாது என்று ஏலக்காய். சமையலறை ராஜாம்பாள், கல்யாண வீட்டுப் பாயசம் தோத்துது போ என்று முறைத்தாள்.

டம்ளர் வேளை தவறாமல் காலியாகத் திரும்பி வந்தது. சாப்பிட்டார் என்று எழுதும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. படித்தது பலிக்கிறது.

எடை மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது.

பக்கத்துக் கட்டில் பெரியண்ணனுக்குக் காலில் ஆறாத புண். அவருக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே இருந்தது. இன்சுலினைக் கூட்டியும் அடங்கவில்லை.

இரண்டையும் அவள் சேர்த்துப் பார்க்கவில்லை. இன்று காலை பெரியண்ணனே சேர்த்து வைத்தார்.

“ஏம்மா, நேத்து ஏலக்கா கம்மி.”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. சர்க்கரைக்காரருக்கு வருகிற கோதுமைக் கஞ்சியில் ஏலக்காய் ஏது? பிறகு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அந்த ஆளு தன் கஞ்சியக் குடிச்சிடச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுகினாரு, கொட்டறதுக்கு மனசு வரல, ருசியா வேற இருந்துச்சு என்றார். கடைசியில் என் காலையும் சேர்த்து எடுக்க வச்சுடுவ போலிருக்கே என்று சிங்காரவேலைத் திட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

குமட்டுகிறதா, வலிக்கிறதா, ருசி பிடிக்கவில்லையா என்று எழில்மதி கேட்டாள். எல்லாவற்றுக்கும் சிங்காரவேல் இல்லையென்று தலையாட்டினார். பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, எப்போதும் போல இன்றைக்கும் சாப்பிட்டார் என்றே எழுதிவிடச் சொன்னார். இல்லாவிட்டால் டாக்டர் மூக்கில் குழாய் போட்டுவிடுவார். அது வழியாகக் கஞ்சியை இறக்கிவிடுவார்கள்.

குழாய்க்குப் பயப்படுகிறார் என்று நினைத்தாள். போடும்போது கொஞ்சம் குமட்டும், அப்புறம் பழகிவிடும் என்று படித்ததையெல்லாம் சொன்னாள். பரீட்சையில் ஒப்பிக்கிற குரலாக இருந்தது, அவளுக்கே கேட்டது.

வராந்தாவில் டாக்டரின் பேச்சு. ரவுண்ட்ஸ் தொடங்கிவிட்டது.

சிங்காரவேல் கண்ணைத் திறந்தார். பெரியண்ணன் காதில் விழக்கூடாது என்பதுபோல் அவளைக் குனியச் சொன்னார்.

“மாசக் கடைசியில எனக்கு ரிட்டயர்மென்ட். அதுக்குள்ள போனாத்தான் சர்வீஸ்ல போன கணக்கு. வாரிசு வேலைக்கு உன் பேரத்தாம்மா குடுத்திருக்கேன், பர்மனென்ட் ஆயிடுவ.”

ஷிப்டுக்குக் கிளம்பும்போது, சாவி ஜன்னல்மேல இருக்கு என்று சொல்லிவிட்டுப் போகிற அதே குரல்.

வார்டில் என்னை அப்பா என்று கூப்பிடாதே, நீ வேலை பார்க்கிற இடம் என்று சொன்னதும் இதே குரலில்தான். அதையும் அக்கறை என்று எடுத்துக்கொண்டிருந்தாள். அது அக்கறைதான்.

அவர்கள் கம்பெனிக் குடியிருப்பு பிளாக்கில் யாராவது இறந்துபோனால், சர்வீஸ்லயா என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். ஆமாம் என்றால் ஒரு பெருமூச்சு வரும். அது துக்கம் மட்டும் இல்லை. எழில்மதியும் அப்படி விசாரித்திருக்கிறாள். ப்ளஸ் டூ படிக்கும்போது, கூடப் படித்தவளின் அப்பா போனபோது, இனி அவளுக்குக் கவலையில்லை என்று வீட்டில் வந்து சொன்னாள். அப்பா அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டரின் செருப்புச் சத்தம் வார்டுக்குள் வந்துவிட்டது.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. எதைச் சொன்னாலும் அவர் அதற்கு ஒரு கணக்கு வைத்திருப்பார். பேனாவின் மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றினாள்.

மணிக்கட்டை அவர் இன்னும் விடவில்லை. விடுவித்துக்கொள்ளலாம், அந்தப் பிடியில் பலமே இல்லை. அவள் விடுவித்துக்கொள்ளவில்லை. அட்டையை மெத்தை விளிம்பில் வைத்து, அப்படியே எழுத ஆரம்பித்தாள்.

சாப்பிடவில்லை.

கடைசி எழுத்துவரை அவர் கையும் அவள் கையோடு நகர்ந்தது.